முள் இறங்கிய இடம்

1

இந்தக் கதையை நானாக எழுத உட்காரவில்லை. பரிமளா எழுதச் சொன்னாள்.

குரும்பலூரில் ரேஷன் கடைக்குப் பின்னால் வளர்கல்வி மையம் என்று ஒரு அறை இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்குத் திறப்பார்கள். மூட்டை தூக்கித் தூக்கித் தோள் விட்டுப்போன பிறகு, நாற்பத்தாறு வயதில், எனக்கு எழுத்து வந்தது அங்கேதான். பரிமளா சொல்லிக்கொடுக்கிற பெண். புத்தகம் முடிந்ததும், கண்ணால் பார்த்த ஒன்றை ஆளுக்கு ஒரு பக்கம் எழுதிவரச் சொன்னாள். உண்ணாமலை தன் ஆடு குட்டி போட்டதை எழுதினாள். நான் மழையைப் பற்றி எழுதலாம் என்றிருந்தேன். எல்லோரும் போன பிறகு பரிமளா பலகையைத் துடைத்துக்கொண்டே, திரும்பாமல் சொன்னாள்:

“மாமா, நீங்க எங்கம்மா எறங்குன அன்னிக்கி நடந்தத எழுதுங்க.”

செத்த அன்றைக்கு என்று சொல்லவில்லை. இறங்கிய அன்றைக்கு என்றாள். ஐந்து வருஷமாக யாரும் என்னிடம் கேட்காத கேள்வி அது. எப்படிக் கிடந்தாள், எங்கே அடி, ரத்தம் எவ்வளவு என்று ஊரே கேட்டது. எப்படி இறங்கினாள் என்று ஒருத்தரும் கேட்டதில்லை.

‘நான்’ என்று ஆரம்பித்தால் பேனா நகர மாட்டேன் என்கிறது. அதனால் இதில் வருகிற லோடுமேனுக்கு அமாவாசை என்று பேர் வைத்திருக்கிறேன். (என் பேரும் அதுதான். ஆனால் எழுத்தில் பார்க்கும்போது அடுத்தவன் மாதிரி இருக்கிறான். அது ஒரு வசதி.)

2

முதல் ஆரம்பம்:

1999ஆம் வருஷம் சித்திரை மாதம் வெள்ளிக்கிழமை மதியம் அரியலூர் ரோட்டில் ஒரு பிக்கப் வண்டி —

நிறுத்திவிட்டேன். டீக்கடைப் பேப்பர் மாதிரி இருக்கிறது. அடுத்த வரியில் ஆள் செத்துவிடும்.

இரண்டாவது ஆரம்பம்:

செங்கமலம் சிரித்தால் களத்தில் இருக்கிற எல்லோரும் வேலையை விட்டுவிட்டு —

இதையும் அடித்துவிட்டேன். படிக்கப்போவது அவள் மகள்.

மூன்றாவதாக முள்ளிலிருந்து ஆரம்பிக்கிறேன். முள்ளுக்கு மகள் கிடையாது.

இளையபெருமாளின் வண்டி டீசல் பிக்கப். அவர் கைக்கு வரும்போதே மூன்று பேரிடம் அடிபட்டுத்தான் வந்தது. ஸ்டியரிங்குக்குப் பின்னால் வட்டமாக ஒரு ஹீட் மீட்டர். அதில் ஒரு சிவப்பு முள். இந்தக் கோடியில் ஒரு இங்கிலீஷ் எழுத்து, அந்தக் கோடியில் ஒரு இங்கிலீஷ் எழுத்து. அமாவாசைக்கு அப்போது எந்த எழுத்தும் தெரியாது. வளைந்திருந்ததால் ஒன்றை அருவா என்றான். இரண்டு கால், நடுவில் ஒரே ஒரு படி. அதனால் மற்றதை ஏணி என்றான். (பாடை கட்டும்போதும் முதலில் அப்படித்தான் இருக்கும். ஓடுகிற வண்டியில் அந்தப் பேரைச் சொல்லக்கூடாது.) முள் அருவாப் பக்கம் இருந்தால் இன்ஜின் குளிர்ச்சி. ஏணிப் பக்கம் போனால் சூடு. நடுவில் நின்றால் நல்ல நாள்.

இளையபெருமாளுக்கு ஐம்பது தாண்டிவிட்டது. எட்ட இருக்கிற பனைமரத்தில் எத்தனை காய் என்று சொல்வார். மூக்குக்கு முன்னால் இருக்கிற முள் தெரியாது. கண்ணாடி போட்டால் டிரைவர் என்று யாரும் மதிக்க மாட்டார்கள் என்று பயம். ஆகவே கேபினில் அமாவாசைக்கு இரண்டு வேலை. ஒன்று, முள்ளைப் பார்த்துச் சொல்வது. இரண்டாவது, பின்னால் மூட்டை மேல் வருகிற ஆட்கள் இறங்கும்போது, இடதுபக்கம் தலையை வெளியே நீட்டிப் பார்த்து, இறங்கியாயிற்று என்று சொல்வது. அந்தப் பக்கத்துக் கண்ணாடி எப்போதோ உடைந்துபோனது. பின் ஜன்னலை மூட்டை மறைத்திருக்கும்.

இரண்டு வேலைக்கும் இளையபெருமாள் கேட்பது ஒரே கேள்வி: “எறங்கிடுச்சா?”

இரண்டுக்கும் அமாவாசை சொல்வது ஒரே பதில்: “எறங்கிடுச்சுண்ணே.” *

* எங்கள் பக்கம் ஆடு வந்தாலும் பஸ் வந்தாலும் அத்தை வந்தாலும் ‘வந்துச்சு’தான். புத்தகத்தில் பெண் என்றால் ‘வந்தாள்’ என்று போட வேண்டுமாம். பரிமளா சொல்லித்தான் தெரியும். முன்பே தெரிந்திருந்தால் வாய் அப்படிப் பழகியிருக்குமா என்று யோசித்திருக்கிறேன். பழகியிருக்காது.

* இன்னொன்றும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். எனக்கு எழுத்து வந்ததே தவிர ஒற்று வருவதில்லை. (நீங்கள் படிக்கிறதில், ஒன்றைத் தவிர, மற்ற ஒற்றெல்லாம் பிறகு திருத்திப் போட்டவை.) ‘அரியலூருக்கு வந்தேன்’ என்றால் சும்மா விடலாம். ‘அரியலூருக்குப் போனேன்’ என்றால் நடுவில் ஒரு ‘ப்’ வைக்க வேண்டும். அடுத்த சொல் வருவதற்கு முன்னாலேயே அது இன்ன எழுத்தில்தான் ஆரம்பிக்கும் என்று இந்தப் புள்ளி எழுத்து காட்டிக்கொடுத்துவிடும் என்பாள் பரிமளா. அதற்கும் ஒரு முள் இருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன்.

3

அன்றைக்கு முப்பது மூட்டை சின்ன வெங்காயம், அரியலூர் மண்டிக்கு. செங்கமலம் களத்தில் வெங்காயத் தாள் அறுக்கிறவள். அவளுடைய அம்மா வீடு அந்த ரோட்டில் ஓடைப் பாலத்துக்குப் பக்கத்தில் இருந்தது. வெள்ளிக்கிழமை தவறாமல் மூட்டை மேல் ஏறி வருவாள். கையில் தூக்குவாளியில் சோறு. பாலத்தில் வண்டி நின்றதும், மேலே இருந்தபடியே தூக்குவாளியைப் பாலத்துக் கட்டைச்சுவரில் வைப்பாள். பிறகு இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பின்பக்கமாக இறங்குவாள். கால் தரைக்கு வந்ததும் வண்டியின் தகரத்தை இரண்டு தட்டு தட்டுவாள். டப், டப். போகலாம் என்று அர்த்தம்.

குரும்பலூரில் ஏறும்போது ஜன்னல் பக்கம் குனிந்து பார்த்தாள். அமாவாசை முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“ஏண்ணே, பொண்டாட்டி மொகத்தையாச்சும் இப்புடிப் பாத்துருப்பியா?” என்றாள்.

“அவ மொகத்துல முள்ளு இல்லியே” என்றான் அமாவாசை.

“இருக்கும். நீ பாக்கல.”

(இந்த இடத்தைப் பரிமளாவுக்காக வைத்திருக்கிறேன். கதைக்கு இது தேவையில்லை.)

பேரளி தாண்டியதுமே முள் ஏணிப் பக்கம் சாய ஆரம்பித்தது. ஏற்றத்தில் சாய்வதும் இறக்கத்தில் திரும்புவதும் பழக்கம்தான். அன்றைக்கு இறக்கத்திலும் திரும்பவில்லை. இளையபெருமாள் நாலு தடவை கேட்டார். நாலு தடவையும் அமாவாசை இல்லை என்றான். பாலத்தில் நிறுத்தி ஆற விடலாம், செங்கமலமும் இறங்க வேண்டும் என்றார் அவர். வண்டியை அணைக்க முடியாது. அணைத்தால் தள்ள வேண்டும். ஹேண்ட் பிரேக் நிற்காது. பாலத்தை ஒட்டி ஏற்றத்தில் நிறுத்தி, பிரேக்கில் காலை அழுத்தியபடி உட்கார்ந்திருந்தார். வெயில் தகரத்தின் மேல் கொதித்தது. சுண்ணாம்புக்கல் லாரிகள் போய்ப் போய்ச் சீமைக்கருவேலமெல்லாம் வெள்ளையாகிக் கிடந்தது. ஒரு காக்கை இல்லை.

டப், டப்.

“எறங்கிடுச்சா?”

அந்த நேரம்தான் முள் ஏணியிலிருந்து கழன்றது. மெள்ள இல்லை. ஒரே வீச்சில் நடுவைத் தாண்டி அருவா மேல் வந்து படுத்துவிட்டது. அமாவாசை அப்படி ஒரு நாளும் பார்த்ததில்லை. அவனுக்கு நெஞ்சுக்குள் குளுகுளு என்று இருந்தது.

“எறங்கிடுச்சுண்ணே.”

இளையபெருமாள் காலை எடுத்தார். வண்டி ஒரு சாண் பின்னுக்கு உருண்டு, பிறகு கியர் பிடித்து முன்னுக்கு ஏறியது.

4

இரண்டு பர்லாங்குகூடப் போகவில்லை. இன்ஜின் சத்தம் கல்லை மெல்வது மாதிரி ஆனது. பெயிண்ட் கருகுகிற வாசம். வண்டி நின்றுவிட்டது. முள் அப்போதும் அருவா மேல்தான் படுத்திருந்தது.

எதிரே ஒரு கல் லாரி வந்து, இவர்களைத் தாண்டி, பாலத்துப் பக்கமாகப் போயிற்று. புழுதி அடங்கின பிறகு அமாவாசை கேனை எடுத்துக்கொண்டு ஓடைத் தண்ணீருக்காகத் திரும்பி நடந்தான். முதலில் தூக்குவாளிதான் தெரிந்தது. கட்டைச்சுவர் மேல் மூடி திறக்காமல் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது. அதற்கு நேர் கீழே

(இதற்கு மேல் ஊருக்குத் தெரியும். பரிமளாவுக்கும் தெரியும். கேஸ் ‘அடையாளம் தெரியாத வாகனம்’ என்று முடிந்தது. அந்த மூன்று சொல்லைத்தான் நான் படிக்கக் கற்றுக்கொண்டதும் முதலில் தேடிப் படித்தேன்.)

இன்ஜினைப் பிரித்தவர் பெரம்பலூரில் துறைமங்கலத்து மெக்கானிக் அங்கமுத்து. ரேடியேட்டரில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. அடி ஹோஸ் வெடித்திருந்தது. முள் அருவாவில்தானே இருந்தது என்று அமாவாசை திரும்பத் திரும்பக் கேட்டான். அங்கமுத்து ஒரு சின்னப் பித்தளைத் திருகைக் கழற்றி அவன் உள்ளங்கையில் வைத்தார்.

“முள்ளு பொய் சொல்லலப்பா. இந்தத் திருகு தண்ணியில முங்கியிருந்தாத்தான் அதுக்குச் சூடு தெரியும். தண்ணி வத்திப்போச்சுன்னா வெறுங்காத்து. காத்தத் தொட்டுப் பாத்துட்டுக் குளுந்துடுச்சுன்னு சொல்லிடும். முள்ளு மெள்ள எறங்குனா வண்டி ஆறுது. தடால்னு எறங்குனா வண்டி சாவுது. ரெண்டு எறக்கமும் ஒண்ணு இல்ல.”

அமாவாசை அந்தத் திருகைப் பிடித்துக்கொண்டே நின்றான். ஆக, முள்ளும் இறங்கவில்லை.

‘ஆக, முள்ளும்’ என்று எழுதியிருக்கிறேன். அந்த ‘உம்’மை அடித்துவிடலாமா என்று ஒரு வாரம் யோசித்தேன். இருக்கட்டும்.

5

இந்தப் பகுதியை எழுதுவதா வேண்டாமா என்று எனக்கு இன்னும் தீரவில்லை. பேய்க்கதை மாதிரி ஆகிவிடும். அமாவாசையைப் பார்த்தாலும் சந்தேகமாக இருக்கிறது. தப்பு செய்தவன் கண்ணுக்கு எல்லாம்தான் தெரியும். ஆனால் பார்த்ததை எழுதச் சொன்னாள்.

ஆடி மாதம் வண்டி சரியாகி வந்தது. முதல் நடை. வெள்ளிக்கிழமை. பின்னால் மூட்டை மட்டும்; ஆள் யாரும் இல்லை. ரேடியேட்டரில் கழுத்து வரை தண்ணீர். முள் நடுவில் அசையாமல் நின்றது. பாலம் வந்ததும் இளையபெருமாள் கால் தானாகப் பிரேக்குக்குப் போனது. முள் சரிந்து அருவாவில் விழுந்தது.

டப், டப்.

வண்டி நின்றுவிட்டது. இளையபெருமாள் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் தாடையில் வியர்வை இறங்கியது. பழைய குரலிலேயே கேட்டார்:

“எறங்கிடுச்சா?”

அமாவாசை தலையை வெளியே நீட்டவில்லை. நீட்ட முடியவில்லை. கேட்டவர் காலை எடுக்கவும் இல்லை. கடைசியில் அவன் சொன்னான். சொன்ன பிறகு, பின்பக்கம் வண்டி லேசாக எழுந்தது.

லோடு வேலை செய்கிறவனுக்கு இது தெரியும். ஒரு மூட்டையை இறக்கினால் வண்டியின் ஸ்பிரிங் பட்டை மூச்சு விடுகிற மாதிரி கொஞ்சம் மேலே வரும். சீட்டில் உட்கார்ந்திருப்பவனின் முதுகெலும்பு அதைக் கணக்காகச் சொல்லும். இது மூட்டை இல்லை. நாற்பத்தைந்து கிலோ இருக்கிற ஒரு ஆள், ஒரு காலை வைத்து, மறுகாலையும் எடுத்து இறங்கினால் வருகிற எழுச்சி.

அங்கமுத்துவிடம் போனார்கள். முள் விழுவதையும் தட்டுச் சத்தத்தையும் மட்டும் சொன்னார்கள். அவர் சிரித்தார்.

“ஒன் வண்டிக்குப் பேய் புடிக்கல, எர்த்து புடிக்கல” என்றார்.

பிரேக் விளக்குக்கும் மீட்டருக்கும் ஒரே எர்த் ஒயர். துருப்பிடித்துக் கிடந்தது. பிரேக்கை அழுத்தினால் விளக்கு எரியும், முள் குதிக்கும். பாலத்தில் பிரேக் போடுகிறீர்கள், பாலத்தில் குதிக்கிறது. அந்தத் தட்டுச் சத்தம் பின்கதவுச் சங்கிலி. ஏற்றத்தில் நிறுத்தினால் தளர்ந்து இரண்டு தடவை தகரத்தில் மோதும். ஒயரைச் சுரண்டி முறுக்கினார். சங்கிலிக்குச் சைக்கிள் டியூப்பைச் சுற்றினார்.

அடுத்த வெள்ளிக்கிழமை முள் அசையவில்லை. சங்கிலி வாயைத் திறக்கவில்லை. பாலத்தில் அவ்வளவு அமைதி. இளையபெருமாள் நிறுத்தினார். கேட்டார். அமாவாசை சொன்னான். வண்டி எழுந்தது.

இப்படி இரண்டு வருஷம்.

வண்டி எழுவதைப் பற்றி இரண்டு பேரும் ஒரு நாளும் பேசிக்கொண்டதில்லை. ஆனால் சங்கிலிக்கு டியூப் சுற்றின அன்றைக்கு அமாவாசைக்கு ஒன்று தோன்றியது. சங்கிலிதான் தட்டுகிறது என்றால், சித்திரை மாதம் அன்றைக்குத் தட்டியதும் —

6

இப்போது முடிவு. முடிவு எழுதத்தான் நோட்டு வாங்கினேன். மூன்று இருக்கிறது.

முதல் முடிவு. செங்கமலம் இறங்கிவிட்டாள். தகரத்தைத் தட்டினாள். வண்டி போன பிறகு ரோட்டைக் கடந்தாள், அந்தக் கல் லாரி வந்துவிட்டது. இந்த முடிவில் அமாவாசை நன்றாகத் தூங்குகிறான்.

இரண்டாம் முடிவு. தூக்குவாளியை மட்டும் சுவரில் வைத்தாள். சங்கிலி தட்டியது. ஒரு கால் பின்கதவில் இருக்கும்போது வண்டி ஒரு சாண் பின்னுக்கு உருண்டது.

மூன்றாம் முடிவு. தா.பழூரில் மகள் வீட்டில் இருக்கிற இளையபெருமாளைப் போன மாதம் அமாவாசை பார்த்துவிட்டு வந்தான். அவருக்கு இப்போது எட்ட இருக்கிறதும் தெரிவதில்லை. நாற்று நடவு நடக்கிற வயலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். இவன் குரலைக் கேட்டதும் வலது கால் தரையை அழுத்தியது. அன்றைக்கு நீங்கள் முள்ளைக் கேட்டீர்களா, செங்கமலத்தைக் கேட்டீர்களா என்றான் அமாவாசை.

“நான் எதக் கேட்டேன்னு எனக்கே வெளங்கலப்பா. அஞ்சு வருஷமா அதத்தான் கேட்டுக்கிட்டு இருக்கேன்” என்றார். பிறகு, “நீ எதச் சொன்ன?” என்றார்.

அமாவாசை பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்து வந்துவிட்டான். இது முடிவு இல்லை என்று எனக்கும் தெரிகிறது.

ஒன்றே ஒன்று பாக்கி. அன்றைக்கும் வண்டி பின்னால் எழுந்தது. முப்பது மூட்டைச் சுமையிலும் அது அவன் முதுகுக்குத் தெரிந்தது. பிறகு ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் தெரிந்தது அதே எழுச்சிதான். ஒரு ஆள் வண்டியை விட்டுப் போகிற எழுச்சி. அவன் வாயிலிருந்து அந்தச் சொல் வந்தது எப்போது, வண்டி எழுந்தது எப்போது என்பது உலகத்தில் அவன் ஒருத்தனுக்குத்தான் தெரியும். அன்றைக்கு வண்டி எழுந்தது அவன் சொல்லுக்குப்

7

ஞாயிற்றுக்கிழமை நோட்டைக் கொடுத்தேன். பரிமளா சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்தாள். வழக்கமாகப் பக்கத்துக்கு இருபது வட்டமாவது போடுவாள். அன்றைக்கு ஒரு வட்டமும் போடவில்லை. முள்ளும் முகமும் வருகிற இடத்தில் மட்டும் கொஞ்சம் நிறுத்தினாள். பிறகு கடைசிப் பக்கத்துக்கு வந்து, அறுந்துபோன வரியைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“இத ஏன் பாதியில விட்டுட்டீங்க?”

மையம் மூடுகிற நேரமாகிவிட்டது, அதனால் என்றேன்.

“மத்த எடத்துலல்லாம் ஒத்துப் போடாம விடுவீங்க. இங்க சரியாப் போட்டுருக்கீங்க மாமா.” பேனா முனையால் அந்த ஒரு எழுத்தைத் தொட்டாள். “‘முன்னால’ன்னு எழுத வந்துருந்தா இந்த ‘ப்’ வராது.”

அந்தப் புள்ளி காகிதத்தில் அப்படியே உட்கார்ந்திருந்தது. அடித்திருக்கலாம். எத்தனையோ அடித்தேன், அதை அடிக்கவில்லை.

“நீங்க சொல்லும்போது எங்கம்மா வண்டியிலதான் இருந்துச்சு” என்றாள். குரல் ஏறவில்லை. வருகைப் பதிவு எடுக்கிற குரல்தான். பெண் என்றால் ‘இருந்தாள்’ என்று போட வேண்டும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவள், ‘இருந்துச்சு’ என்றாள். “தலைய நீட்டிப் பாத்தீங்களா?”

“இல்ல பாப்பா. முள்ளப் பாத்துக்கிட்டிருந்தேன்.”

நோட்டை மூடி என் பக்கம் தள்ளினாள். “முடிச்சுக் கொண்டாங்க மாமா” என்றாள். விளக்கை அணைத்துவிட்டுப் பூட்டை எடுத்தாள். நான் வெளியே வரும் வரை கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அது மன்னிப்பா என்று தெரியவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் மூன்று மணிக்குத் திறப்பாள் என்று மட்டும் தெரியும்.

அந்த வரியை முடிக்க இன்னும் ஒரே ஒரு சொல்தான் வேண்டும். அது என்ன சொல் என்று அவளுக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். ஆனால் அந்தச் சொல்லை நான் எழுதினால் அது முதுகு சொன்னதாகத்தான் இருக்கும். கண்ணால் பார்த்ததை எழுதச் சொன்னாள். அமாவாசை பார்க்கவில்லை. பார்க்காதவன் வாயால் ஒரு தடவை சொன்னதே போதும்.

ஆகையால் கதையை அங்கேயே நிறுத்தி வைத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை மதியம். ஓடைப் பாலம். தூக்குவாளி கட்டைச்சுவரில் இருக்கிறது. முள் அருவா மேல் படுத்திருக்கிறது; அதை நீங்கள் பார்க்க வேண்டாம். இளையபெருமாள் பிரேக்கை அழுத்திக்கொண்டு ரோட்டைப் பார்த்திருக்கிறார். இடதுபக்க ஜன்னலில் இப்போது உட்கார்ந்திருப்பது நீங்கள்.

டப், டப்.

கேட்கிறார்.

அவசரம் இல்லை. தலையை வெளியே நீட்டிப் பின்னால் பாருங்கள். கால் தரையில் இருக்கிறதா என்று பாருங்கள். பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். அதுவரை அவர் காலை எடுக்க மாட்டார்.